கையேந்திய கலைஞர்: வணக்கத்துக்குரிய அந்தோனி கௌதி



1926-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், திங்கட்கிழமை மாலை. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் நரைத்த தாடியுடன், பழைய உடை அணிந்த முதியவர் ஒருவர் தனியே நடந்து போய்க்கொண்டிருந்தார். நாள்தோறும் மாலையில் புனித பிலிப்பு நேரி ஆலயத்திற்குச் சென்று செபிப்பது அவரது வழக்கம். அன்று சாலையைக் கடக்கும்போது டிராம் வண்டி மோதிக் கீழே விழுந்தார். சட்டைப்பையில் அடையாளச் சீட்டு எதுவும் இல்லை. அவர் உடையைப் பார்த்தவர்கள் யாரோ ஒரு பிச்சைக்காரர் என்றே எண்ணினார்கள். வாடகைக் கார் ஓட்டுநர்கள் சிலர் அவரை ஏற்றிச் செல்ல மறுத்துவிட்டார்கள். கடைசியில் ஏழைகளுக்கான திருச்சிலுவை மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள்.

ஆலயப் பணித்தளத்தில் அவர் திரும்பி வரவில்லையே என்று தேடத் தொடங்கினார்கள். மறுநாள் அவ்வாலயத்தின் அருட்பணியாளர் அந்த மருத்துவமனைக்கு வந்து பார்த்தபோதுதான், படுத்திருப்பவர் அந்தோனி கௌதி என்பது தெரியவந்தது. பார்சலோனா நகரின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர் அவர். அந்நகரின் பெரும் செல்வந்தர்கள் பலருக்கு மாளிகை கட்டிக் கொடுத்தவர். ஜூன் 10-ஆம் நாள், தம் 73-ஆம் வயதில், ஏழைகளின் நடுவே அவர் இறைவனடி சேர்ந்தார்.

புகழின் உச்சியைத் தொட்ட ஒருவர், கடைசியில் பிச்சைக்காரர் என்று எண்ணப்படும் நிலைக்கு எப்படி வந்தார்? தொழில் நொடித்துப் போனதா? சூதாட்டத்திலோ குடியிலோ சொத்தை அழித்தாரா? இல்லை. அவர் ஈட்டிய பணம், அவர் செய்த வேலை, அவருக்குக் கடவுள் கொடுத்த கலைத்திறமை ஆகிய மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே திசையில் திரும்பின. அந்தத் திருப்பம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த நாற்பது ஆண்டுக் கதையைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

செம்புப் பட்டறையில் ஒரு சிறுவன்

அந்தோனி கௌதி 1852-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில் பிறந்தவர். தந்தை செம்புப் பாத்திரம், கொப்பரை செய்யும் கைவினைஞர். ஐந்து பிள்ளைகளில் கௌதி கடைக்குட்டி. சிறு வயதிலேயே மூட்டுவாதம் அவரை வாட்டியது. மற்றப் பிள்ளைகளோடு ஓடியாட முடியாமல் பல நாட்கள் வீட்டிலேயே இருந்தார். நடக்க முடியாத நாட்களில் கழுதை மீது ஏற்றித்தான் அவரை வெளியே அழைத்துப் போவார்கள்.

ஓட முடியாத சிறுவன் உட்கார்ந்து பார்த்தான். செடியின் கிளை எப்படிப் பிரிகிறது, நத்தையின் கூடு எப்படிச் சுருள்கிறது, இலைகளின் ஊடாக வெயில் எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான். பட்டறையில் தட்டையான செம்புத் தகடு, தந்தையின் சுத்தியல் அடியில் வளைந்து குடமாக மாறுவதையும் பார்த்தான். பிற்காலத்தில் அவர் கட்டிய கட்டடங்களில் நேர்கோடு அரிதாகவும் வளைவு அதிகமாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த இரண்டு பள்ளிகள்தாம். ஒன்று கடவுளின் படைப்பு. மற்றொன்று அப்பாவின் பட்டறை.

நோயினால் வீணாகிப் போனதாகத் தோன்றிய அந்த நாட்களில்தான் கடவுள் அவருடைய கண்களைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

நல்ல உடையும் பெரிய இடத்து நட்பும்

கட்டடக்கலை படிக்க 1868-இல் கௌதி பார்சலோனா சென்றார். குடும்பம் வசதியானது அல்ல. படித்துக்கொண்டே கட்டடக் கலைஞர்களிடம் வரைபடம் வரையும் வேலை செய்து செலவைச் சமாளித்தார். 1876-இல் மருத்துவம் பயின்ற அண்ணன் இளவயதிலேயே இறந்தார். அதே ஆண்டில் தாயும் கண்மூடினார். 1878-இல் கௌதி பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அவருடைய அக்காவும் ஒரு சிறு பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனார். வயதான தந்தையும் தாயில்லாத அந்தக் குழந்தையும் கௌதியின் பொறுப்பில் வந்தார்கள்.

இந்த வயதில் அவர் துறவியைப் போல வாழ்ந்தார் என்று எண்ணிவிட வேண்டாம். நன்றாக உடுத்துவதில் அவருக்கு மிகுந்த ஆசை. நல்ல துணி, நல்ல தொப்பி, கையுறை, நாடக அரங்கு, பெரிய மனிதர்களின் விருந்து என்று நகர வாழ்வை விரும்பி அனுபவித்தார். ஓர் ஆசிரியையை மணம் முடிக்க விரும்பினார். அவர் இசையவில்லை. அதற்குப் பிறகு கௌதி திருமணமே செய்துகொள்ளவில்லை.

1878-இல் பாரீசில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, கையுறை வணிகர் ஒருவருக்கு கௌதி ஒரு கண்ணாடிப் பேழை வடிவமைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர் பெரும் தொழிலதிபரான யூசேபி குவெல். அன்று தொடங்கிய நட்பு 1918-இல் குவெல் இறக்கும்வரை நீடித்தது. அவருக்காக ஒரு மாளிகையையும், பின்னர் இன்று உலகமே வந்து பார்க்கும் குவெல் பூங்காவையும் கௌதி அமைத்தார். வேறு செல்வந்தர்களும் தேடி வந்தார்கள். பணம் வந்தது. பெயர் வந்தது. திறமைக்கு ஏற்ற கூலி கிடைத்தது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இவை எல்லாம் எதற்காக என்ற கேள்வி மட்டும் அப்போது எழவில்லை.

வேறொருவர் தொடங்கிய வேலை

பார்சலோனாவில் பொக்கபெல்லா என்ற புத்தக வியாபாரி ஒருவர் இருந்தார். 1866-இல் புனித யோசேப்பின் பக்தர்களுக்கென ஒரு சபையைத் தொடங்கியவர். தொழிற்சாலைகள் பெருகி, ஏழைத் தொழிலாளர்கள் குவிந்து, மக்கள் விசுவாசத்தைவிட்டு விலகிக்கொண்டிருந்த அந்நகரில், திருக்குடும்பத்தின் பெயரால் ஒரு பரிகார ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. பரிகார ஆலயம் என்றால் மக்களின் காணிக்கையால் மட்டுமே கட்டப்படுவது. கொடுப்பவரின் தியாகமே அந்த ஆலயத்தின் உண்மையான அடித்தளம்.

1882-ஆம் ஆண்டு மார்ச் 19, புனித யோசேப்பு பெருவிழாவன்று அடிக்கல் நாட்டப்பட்டது. முதலில் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் வில்லார், செலவும் கட்டுமானப் பொருளும் பற்றிய கருத்து வேறுபாட்டால் விலகிக்கொண்டார். 1883-இன் இறுதியில் அந்த வேலை 31 வயதான கௌதியிடம் வந்தது.

கவனியுங்கள். தம் வாழ்வின் நோக்கம் என்று பின்னாளில் உலகம் போற்றிய பணியை கௌதி தேடிப் போகவில்லை. அது வேறொருவர் கனவு. வேறொருவர் வரைந்த வரைபடம். வேறொருவர் பாதியில் விட்டுச்சென்ற வேலை. நாமோ, நம் வாழ்வின் அழைப்பு என்னவென்று எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்கிறோம். பல நேரங்களில் அது நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. யாரோ முடிக்காமல் விட்டுச்சென்ற பொறுப்பாக, நாம் விரும்பிக் கேட்காத கடமையாக வந்து சேர்ந்திருக்கிறது. நாம்தான் அதை அடையாளம் காண்பதில்லை.

கௌதியும் உடனே அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. தொடக்கத்தில் அது பல வேலைகளில் ஒன்று. மாளிகைகள் ஒருபக்கம், ஆலயம் ஒருபக்கம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சொல்வோமே, அப்படித்தான் ஆண்டுகள் நகர்ந்தன.

தவக்காலம் கற்றுத்தந்த பாடம்

ஆனால் ஆலயம் கட்டுபவருக்கு ஆலயத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? கௌதி திருவழிபாட்டைப் படிக்கத் தொடங்கினார். பெனடிக்ட் சபைத் துறவி கெராஞ்சே எழுதிய, திருவழிபாட்டு ஆண்டைப் பற்றிய நூல் அவருக்குத் துணையாயிற்று. அஸ்தோர்கா நகர ஆயரின் இல்லத்தைக் கட்டும் பணி 1880-களின் இறுதியில் கிடைத்தது. அந்த ஆயர் கௌதியின் சொந்தப் பகுதியைச் சேர்ந்தவர். அவரோடு நடந்த உரையாடல்களும் கௌதியின் விசுவாசத்தை ஆழப்படுத்தின. வேலைக்காகப் படித்தவர், படித்ததை வாழத் தொடங்கினார்.

1894-ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவர் மேற்கொண்ட நோன்பு மிகக் கடுமையாக இருந்தது. உணவைத் தவிர்த்துத் தவிர்த்து, எழுந்திருக்க முடியாத அளவுக்கு உடல் தளர்ந்து, உயிருக்கே ஆபத்தான நிலை வந்துவிட்டது. பிற்காலத்தில் விக் மறைமாவட்ட ஆயரான அருட்தந்தை தோரஸ் இ பாஜஸ் அவரைப் பார்க்க வந்தார். இவ்வுலகில் செய்ய வேண்டிய பணி இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லி நோன்பை முடிக்க வைத்தார்.

இந்த நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்வத்தில் தன்னையே அழித்துக்கொள்ள இருந்த ஒரு மனிதரைத் திருஅவை தடுத்து நிறுத்துகிறது. கடவுளுக்காக உயிரை விடுவதைவிட, கடவுள் கொடுத்த வேலையைச் செய்ய உயிரோடு இருப்பது சில நேரங்களில் கடினமான கீழ்ப்படிதல். கௌதி கீழ்ப்படிந்தார். அந்த நோன்புக்குப் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்தார்.

திறமை யாருக்காக?

கௌதியின் கற்பனை வளத்தைப் பற்றிப் பல நூல்கள் உள்ளன. இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

குவெல் தம் நெசவாலைத் தொழிலாளர்களுக்காக ஓர் ஆலயம் கட்ட விரும்பி 1898-இல் அப்பணியைக் கௌதியிடம் ஒப்படைத்தார். கௌதி உடனே கட்டத் தொடங்கவில்லை. கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுகள் நிறைந்த சின்னஞ்சிறு பைகளைக் கட்டினார். எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழும் என்பதற்கு ஏற்ப நூல்கள் தாமாகவே வளைந்து ஒரு வடிவம் பெற்றன. அதைப் புகைப்படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், நிமிர்ந்து நிற்கும் வளைவுகளும் தூண்களும் கொண்ட ஆலயம் தெரிந்தது! இந்த ஆய்வுக்கே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. அந்த ஆலயத்தில் கீழ்த்தளம் மட்டுமே கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அங்கே கற்றதுதான் திருக்குடும்ப ஆலயத்தின் உட்புறத்தில், மரங்களைப் போல் கிளை பிரிந்து கூரையைத் தாங்கும் தூண்களாக நிற்கிறது.

ஒரு மேய்ப்பனின் கண்ணோடு பார்க்கும்போது அந்த நூல் மாதிரியில் ஒரு மறையுரையே இருக்கிறது. கீழே இழுக்கும் அதே பாரம், வானை நோக்கித் திருப்பப்பட்டதும் ஆலயத்தைத் தாங்கும் வடிவமாகிவிடுகிறது. கௌதியின் நோய், இளவயது இழப்புகள், கைகூடாத திருமணம் எல்லாம் அவர் வாழ்வில் அப்படித்தான் திரும்பின.

இரண்டாவது செய்தி ஒரு சிறிய கட்டடத்தைப் பற்றியது. 1909-இல் ஆலய வளாகத்திலேயே தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி கட்டினார். தற்காலிகக் கட்டடம்தான். மெல்லிய செங்கல், அலை அலையாக வளைந்த கூரை, குறைந்த செலவு. மாளிகைகளுக்குச் செலவிட்ட அதே அறிவையும் அதே அக்கறையையும் அந்தப் பள்ளிக்கும் கொடுத்தார். இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குத்தானே, இது போதும் என்று அவர் நினைக்கவில்லை.

1904 முதல் மயோர்கா தீவில் உள்ள பால்மா பேராலயத்தைச் சீரமைத்தபோதும் இதே மனநிலைதான். ஆலயத்தின் நடுவில் பாடகர் இருக்கைகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றை அங்கிருந்து அகற்றி, மக்கள் பீடத்தைப் பார்க்கும்படி வழிதிறந்தார். தன் கலை எவ்வளவு தெரிகிறது என்பதைவிட, மக்களுக்குப் பீடம் தெரிகிறதா என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

மாளிகையில் இடம் கிடைக்காத அன்னை

1906-இல் செல்வந்தர் மிலாவுக்காக ஒரு பெரும் கட்டடத்தைத் தொடங்கினார். கடல் அலை கல்லாக உறைந்தது போன்ற முகப்பு. அந்தக் கட்டடத்தின் உச்சியில் அன்னை மரியாவின் பெரிய திருவுருவம் நிற்க வேண்டும் என்பது கௌதியின் திட்டம். ஆனால் 1909 ஜூலை இறுதியில் பார்சலோனாவில் பெரும் கலவரம் மூண்டது. ஆலயங்களும் துறவற இல்லங்களும் தீக்கிரையாயின. அஞ்சிப்போன உரிமையாளர் திருவுருவம் வேண்டாம் என்றார். கௌதிக்கு இது பெரும் வேதனை.

சம்பளத்தைக் குறித்தும் அவர்களுக்குள் வழக்கு ஏற்பட்டது. நீதிமன்றம் கௌதியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெசெட்டா அவருக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. கௌதி அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அறப்பணிக்குக் கொடுத்துவிட்டார். கூலியை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். உழைப்புக்கு உரிய மதிப்பை நேர்மையாகக் கேட்டுப் பெற்றார். பெற்ற பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

வீட்டிலோ தனிமை கூடிக்கொண்டே போனது. 1906-இல் 93 வயதுத் தந்தை இறந்தார். தாம் வளர்த்த அக்காவின் மகள் 1912-இல் 36 வயதில் இறந்தார். நெருங்கிய உதவியாளர் ஒருவர் 1914-இல் இறந்தார். அவர் உயிரைக் காத்த ஆயர் தோரஸ் 1916-இல் இறந்தார். துயரம் சிலரைக் கசப்பானவர்களாக்கிவிடும். கௌதியும் முன்கோபக்காரர்தான், பிடிவாதக்காரர்தான். ஆனால் இந்த ஆண்டுகளில்தான் அவர் இறுதியான முடிவை எடுத்தார். 1914-க்குப் பிறகு வேறு எந்தப் பெரிய வேலையையும் ஏற்காமல் திருக்குடும்ப ஆலயத்திற்கே தம்மை முழுவதும் கொடுத்தார்.

செல்வந்தர் வீட்டு வாசலில் கையேந்தி

அப்போது முதல் உலகப் போர் தொடங்கியிருந்தது. காணிக்கை குறைந்தது. ஆலயப் பணி நின்றுவிடும் நிலை. ஒரு காலத்தில் நல்ல உடை உடுத்தி விருந்தாளியாகப் போன வீடுகளின் வாசலுக்கு, இப்போது காணிக்கை கேட்டுப் போனார் கௌதி. தெருவில் அவரைக் கண்டதும் விலகிப் போனவர்களும் உண்டு என்பார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய உணவு எளிமையானது: கீரை, கொட்டைகள், கொஞ்சம் பால். உடையைப் பற்றிய கவலை போயே போயிற்று. 1925-இல் தம் வீட்டையும் விட்டு, ஆலயப் பணித்தளத்திலிருந்த பட்டறையிலேயே தங்கத் தொடங்கினார்.

மாற்கு நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில், காணிக்கைப் பெட்டிக்கு எதிரே ஆண்டவர் இயேசு அமர்ந்திருந்தபோது, ஏழைக் கைம்பெண் இரண்டு செப்புக்காசுகளைப் போட்டதை நாம் அறிவோம். செம்பு தட்டியவரின் மகனான கௌதி, அப்படிப்பட்ட காசுகளைச் சேர்த்துத்தான் கோபுரம் எழுப்பினார். பெரும் நன்கொடைகளும் வந்தன. ஆனால் பெயர் தெரியாத ஏழைகளின் சிறு காணிக்கைகளும் அந்தச் சுவரில் கல்லாக இருக்கின்றன.

முடிக்க முடியாத வேலையைத் தொடங்கும் துணிவு

இந்த ஆலயத்தைத் தம் ஆயுளில் முடிக்க முடியாது என்பது கௌதிக்கு நன்றாகத் தெரியும். மூன்று முகப்புகள், 18 கோபுரங்கள். பன்னிரு திருத்தூதர்களுக்கும், நான்கு நற்செய்தியாளர்களுக்கும், அன்னை மரியாவுக்கும், நடுவில் ஆண்டவர் இயேசுவுக்கும் கோபுரங்கள். அப்படியானால் எப்படிக் கட்டுவது? முழு ஆலயத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால், பாதியில் நிற்கும் சுவர்களைப் பார்த்து வரும் தலைமுறை வேலையைக் கைவிட்டுவிடலாம். ஆகவே கிறிஸ்து பிறப்பு முகப்பை மட்டும் முழுமையாக மேலே எழுப்பினார். அதைப் பார்ப்பவர்கள் மீதியையும் முடிக்க ஆசைப்படுவார்கள் என்று நம்பினார். துன்புறும் கிறிஸ்துவின் முகப்பில் தொடங்கினால் மக்கள் மிரண்டு போவார்கள் என்று, முதலில் குழந்தை இயேசுவைக் காட்டினார். அந்த முகப்பின் உருவங்களுக்கு அக்கம்பக்கத்து எளிய மக்களையே மாதிரியாக நிறுத்தினார்.

1925 நவம்பர் 30-ஆம் நாள் புனித பர்னபாவின் கோபுரம் முடிந்தது. 43 ஆண்டு உழைப்பில் அவர் கண்ணால் கண்ட ஒரே நிறைவான கோபுரம் அது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த டிராம் விபத்து. ஜூன் 12-ஆம் நாள் பெருங்கூட்டம் சூழ, அவ்வாலயத்தின் கீழ்த்தளத்தில், கார்மேல் அன்னையின் சிற்றாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1936-இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அவருடைய பட்டறைக்குத் தீ வைத்தார்கள். வரைபடங்கள் எரிந்தன. சுண்ண மாதிரிகள் நொறுங்கின. பின்வந்தவர்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, ஒட்டி, வேலையைத் தொடர்ந்தார்கள். 1978-இல் அங்கே கல்தச்சராக வேலைக்குச் சேர்ந்த ஜப்பானியச் சிற்பி எட்சுரோ சோதூ, கௌதியின் மனத்தைப் புரிந்துகொள்ள முயன்று, கடைசியில் கத்தோலிக்க விசுவாசத்தையே தழுவினார். 2010 நவம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவ்வாலயத்தை அர்ச்சித்துப் பசிலிக்காவாக உயர்த்தினார். 2025 அக்டோபரில், கட்டப்பட்டுவந்த இயேசு கிறிஸ்துவின் கோபுரம், ஜெர்மனியின் உல்ம் நகர ஆலயத்தைவிட உயர்ந்து, உலகிலேயே மிக உயரமான ஆலயம் என்ற இடத்தைப் பெற்றது. அக்கோபுரத்திற்குத் திட்டமிட்ட உயரம் 172.5 மீட்டர். நகரை ஒட்டிய மொன்ஜுயிக் குன்றைவிட அது சற்றுத் தாழ்வு. மனிதன் கட்டியது கடவுள் படைத்ததை மிஞ்சக்கூடாது என்பது கௌதியின் எண்ணம்.

2025 ஏப்ரல் 14-ஆம் நாள், தாம் இறைவனடி சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு, திருத்தந்தை பிரான்சிஸ் கௌதியின் வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று, அவரை வணக்கத்துக்குரியவராக அறிவிக்க ஒப்புதல் தந்தார். 2026 ஜூன் 10, கௌதி மறைந்த நூறாம் ஆண்டு நினைவு நாள்.

நமக்கு என்ன சொல்கிறார்?

அன்பார்ந்தவர்களே, கௌதி மணமாகாதவர். நம்மில் பலருக்குக் குடும்பம் உண்டு, கடன் உண்டு, பிள்ளைகளின் படிப்பு உண்டு. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பட்டறையில் போய்த் தங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தந்தையும் அக்காள் மகளும் உயிரோடு இருந்தவரை கௌதியும் அவர்களுக்கு வீடு கொடுத்து, அவர்களைத் தாங்கினார். குடும்பத்தைத் தாங்குவதும் இறைவன் தந்த அழைப்பே.

ஆனால் அவர் வாழ்வு நம்மிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது.

நம் பணம் எங்கே போகிறது? செல்வம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உள்ளமும் இருக்கும் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்தார். நம் உள்ளம் எங்கே இருக்கிறது என்று அறிய, மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் போதும். கடவுளுக்கும் ஏழைக்கும் என்று எழுதிய வரி எங்காவது இருக்கிறதா?

நம் வேலை யாருக்காக? அலுவலகத்திலோ, வயலிலோ, அடுப்படியிலோ செய்யும் வேலையை, பார்க்கும் ஆளைப் பொறுத்து மாற்றிச் செய்கிறோமா? பணக்காரருக்கு ஒரு தரம், ஏழைக்கு ஒரு தரம் என்று வைத்திருக்கிறோமா? அந்தச் சிறிய பள்ளியின் வளைந்த கூரையை நினைத்துக்கொள்வோம்.

நம் திறமையால் யார் தெரிகிறார்? பாடும் குரல், எழுதும் கை, பேசும் நா, கணக்குப் பார்க்கும் அறிவு, வகுப்பெடுக்கும் பொறுமை எல்லாமே தாலந்துகள்தாம். பாலைநிலத்தில் சந்திப்புக் கூடாரத்தை அமைக்கக் கடவுள் கைவினைஞர்களைப் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. நம் திறமை பீடத்தை மறைக்கிறதா, பீடத்தைக் காட்டுகிறதா?

இந்த மூன்றாவது கேள்வி என்னையும் குத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலயத்தின் சீரமைப்புப் பணியை நான் முன்னின்று நடத்தினேன். முடிந்ததும் நன்கொடையாளர்களின் பெயர்களைத் தொகை வாரியாகப் பளிங்குக் கல்லில் பொறித்தோம். பெரிய தொகை மேலே, சிறிய தொகை கீழே. இன்ன தொகைக்குக் குறைந்தால் பெயரே இல்லை. பங்குத்தந்தை என்று என் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தது. திறப்பு விழா முடிந்து எல்லாரும் போன பிறகு, அந்தக் கல்லில் தம் பேரனை விட்டுத் தன் பெயரைத் தேடச் சொன்ன ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். அவர் கொடுத்தது சிறு தொகை. அந்தப் பையன் மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தான். பாட்டி, உங்க பேரு இல்ல என்றான். அவர் ஒன்றும் சொல்லாமல், நற்கருணைப் பேழையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் அந்தக் கல்லில் யார் பெயரை முதலில் எழுதியிருப்பார் என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன்.

திருவிழாத் தேர் நகர வேண்டுமென்றால் வடம் பிடிப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். பணம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், திறமை ஒரு பக்கம், செபம் வேறொரு பக்கம் என்று இழுத்தால், எவ்வளவு வியர்வை சிந்தினாலும் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். நம்மில் பலருடைய களைப்புக்குக் காரணம் இதுதான். கௌதிக்கும் எல்லாக் கைகளையும் ஒரே பக்கம் கொண்டுவர நாற்பது ஆண்டுகள் ஆயின. நமக்கும் காலம் ஆகலாம். ஒரே நாளில் எல்லாம் மாறவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். இந்த மாதம் ஒரு கையைத் திருப்புவோம். ஒரு செலவை, ஒரு மணி நேரத்தை, ஒரு திறமையைக் கடவுளின் பக்கம் திருப்புவோம். முடிக்கிறோமா இல்லையா என்பது நம் கவலை அல்ல. ஒரு கோபுரம் எழுந்தால், பிள்ளைகள் மீதியைக் கட்டிக்கொள்வார்கள்.

செபிப்போம்: நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் உழைத்த ஆண்டவரே, எங்கள் கைகளின் உழைப்பையும், நீர் தந்த பொருளையும், எங்களுக்குள் நீர் வைத்த திறமையையும் உம் பக்கம் திருப்பியருளும். முடிக்க இயலாத நற்பணிகளையும் துணிவோடு தொடங்க எங்களுக்கு அருள்தாரும். கல்லில் பெயர் இல்லாதவர்களை உம் உள்ளத்தில் எழுதி வைத்திருக்கிறவரே, எங்களையும் அங்கே எழுதியருளும். ஆமென்.